மூன்றாம் குட்டையின் தண்ணீர்

செப்டம்பர் 14

சங்கக் கூட்டம் முடிந்து வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. காலையிலிருந்து மேடையில் விறைப்பாக உட்கார்ந்திருந்ததில் கழுத்து வலிக்கிறது. எங்கள் ஆற்றங்கரை இறால் வளர்ப்போர் சங்கத்தில் இதற்கு முன் ஒரு பெண்ணை மேடையில் ஏற்றியதில்லை. "அடுத்து நம்ம மங்கையர்க்கரசி பேசுவாங்க, பொடி போடுறவங்க" என்று தலைவர் சொன்னபோது கடைசி வரிசையில் என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

இறால் தீவனத்தில் கலக்க நான் தயாரிக்கும் பொடியில் இருப்பதைப் பற்றிப் பேசினேன். பூண்டு எதற்கு, கீழாநெல்லி எதற்கு, கடற்பாசியும் ஈஸ்டும் என்ன செய்யும் என்று. ஒருமுறை வந்த நோயை நம் உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும், இறாலின் உடம்புக்கு அது தெரியாது, அதனால் அதற்குத் தடுப்பூசி கிடையாது, தீவனத்தோடு தினம் போகும் சத்துதான் அதன் பலம் என்று சொன்னேன். இரண்டு குட்டைகளில், ஒன்றில் பொடி கலந்தும் ஒன்றில் கலக்காமலும் வளர்த்துப் பார்த்ததைச் சொன்னேன். குடல் நிறைந்து இருக்கிறது. தோல் உரித்த பிறகு ஓடு சீக்கிரம் கெட்டிப்படுகிறது. வெள்ளைக் கழிச்சல் குறைகிறது. எல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

முடிக்கும்போது ஒருவர் எழுந்தார். "அதெல்லாம் சரிங்க. வெள்ளைப்புள்ளிக்கு என்னா சொல்றீங்க?"

அந்த நோய் நுழைந்தால் ஒரு வாரம் தாங்காது, குட்டை காலி. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் ஒருமுறையாவது அதைப் பார்த்தவர்கள்.

"பொடிய சரியாக் கலந்து குடுத்துக்கிட்டு வாங்க. வெள்ளைப்புள்ளி உங்க கரையைத் தாண்டாது" என்றேன்.

கை தட்டினார்கள். திரும்பி வரும்போது பைக்கில் இவர், "கடைசியா ஒண்ணு சொன்னியே, அது நெசமா?" என்று கேட்டார். எதிர்ப்புச் சக்தி கூடினால் எந்த நோயும் குறையும், அந்த அர்த்தத்தில் சொன்னேன் என்றேன். அந்த அர்த்தத்தில்தான் சொன்னேன்.

செப்டம்பர் 17

காலை முழுக்கப் பூண்டு. உரித்து, நசுக்கி, தகர ஷீட்டில் காயப்போட்டேன். வெயில் போதவில்லை.

அபிராமி பொடி வாங்க வந்தாள். வைத்திலிங்கம் அண்ணனின் மருமகள். எங்கள் பண்ணைக்குக் கீழே, அதே வாய்க்காலில் இருப்பது அவர்களுடைய ஒரே குட்டை. அவள் புருஷன் இளமாறன் குவைத்தில் இருக்கிறான். மாமனாரும் மருமகளுமாகத்தான் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார்கள். தீவனம் கலப்பது, தட்டில் போட்டு இறக்கி இறால் தின்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவள்.

"அக்கா, தீவனத்துல பொடிய ஒட்ட வைக்கிற ஜெல் தீந்துபோச்சு. முட்டை வெள்ளைக்கரு போடலாமா?"

"போடலாம். ஆனா நெழல்ல அரை மணி நேரம் ஒணத்திட்டுப் போடு. இல்லாட்டிப் பொடியெல்லாம் தண்ணியில கரஞ்சி போயிரும்."

"கையில பூண்டு வாசம் போகவே மாட்டேங்குதுக்கா. பாப்பா மூக்கைச் சுளிச்சிக்கிட்டு வேற பக்கம் திரும்பிக்குது" என்று சிரித்தாள். மாத்திரை விழுங்குவதுபோலப் பொடியை நம்பி வாங்கிப் போகிறவர்கள் பலர். காரணம் கேட்டுக்கொண்டு வாங்குகிறவள் இவள் ஒருத்திதான்.

செப்டம்பர் 22

மழை. பருவம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள்.

செப்டம்பர் 24

இவர் பண்ருட்டியில் தங்கை வீட்டு வளைகாப்புக்குப் போயிருக்கிறார். வர ஞாயிறு ஆகும். மூன்றாம் குட்டையில் தட்டில் தீவனம் மிச்சம் இருந்தது. மழை பெய்து தண்ணீர் குளிர்ந்தால் இறால் சரியாகத் தின்னாது. மற்ற இரண்டு குட்டைகளிலும் தட்டு சுத்தமாக இருக்கிறது.

செப்டம்பர் 25

விடிந்ததும் மூன்றாம் குட்டைக்குப் போனேன். கரையோரம் இறால்கள் ஒதுங்கி வந்து மெல்ல நீந்திக்கொண்டிருந்தன. கையை விட்டால் ஓடவில்லை. ஒன்றை எடுத்துத் தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எள் தூவியதுபோல் இருந்தது, வெள்ளை எள். இன்னொன்றை உரித்தேன். பிறகு உரிக்கவில்லை.

இது மனிதருக்கு ஒன்றும் செய்யாத கிருமி. இறாலுக்கு மட்டும்தான்.

நோய் கண்டால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் உடனே சொல்ல வேண்டும். மதகை அடைத்துவிட வேண்டும். குட்டைக்குள்ளேயே பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு வாரம் தண்ணீரைத் தேக்கி வைத்து, கிருமி செத்த பிறகுதான் வாய்க்காலில் விட வேண்டும். அதுவரை மற்றவர்கள் வாய்க்காலிலிருந்து தண்ணீர் ஏற்றக் கூடாது. சங்கத்துக்கு இந்த விதியை எழுதிக் கொடுத்தவள் நான்.

ஆனால் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. மழைக்குப் பிறகு சுண்ணாம்புச் சத்து படிந்தாலும் ஓட்டில் புள்ளி வரும். படித்திருக்கிறேன்.

செப்டம்பர் 26

மூன்றாம் குட்டையில் பிடித்தாயிற்று. மழை வரப்போகிறது, அதனால் முன்கூட்டியே பிடிக்கிறேன் என்று வியாபாரியிடம் சொன்னேன். ஐஸ் லாரி பத்து மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போனது. செத்துக் கிடந்தவற்றை அதற்கு முன்பே நானே அள்ளிக் குழியில் போட்டு மூடியிருந்தேன்.

பிறகு மதகுப் பலகையை எடுத்துத் தண்ணீரை விட்டேன். கரை இளகியிருந்தது. தேக்கி வைத்திருந்தால் உடைத்துக்கொண்டிருக்கும்.

மாலை குழுவில் ஒருவர், "அக்கா மழைக்கு முந்தியே புடிச்சிட்டாங்க, சாமர்த்தியம்" என்று போட்டிருந்தார். கட்டைவிரல் படங்கள் நிறைய.

செப்டம்பர் 27

வைத்திலிங்கம் அண்ணன் போன் செய்தார். தண்ணீர் விஷயமாகக் கேட்டார். அதிகம் பேசவில்லை. பிறகு துணி துவைத்தேன். மிளகாயை எடுத்து வைத்தேன். கறிவேப்பிலைக் கன்றுக்குச் சாம்பல் போட்டேன்.

செப்டம்பர் 28

இவர் வந்தார். வளைகாப்பு வளையல் எனக்கும் கொண்டுவந்திருக்கிறார், பச்சைக் கண்ணாடி. சாப்பிட்டுவிட்டு மூன்றாம் குட்டைக்குப் போய் வெறும் தரையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எதுக்கு இவ்வளவு சீக்கிரம் புடிச்ச?"

"மழை."

"தண்ணியையும் விட்டுட்டியே?"

"கரை இளகியிருந்துச்சி."

தலையாட்டினார். கொட்டகைக்குள் போய் வெகுநேரம் ஏதோ தேடினார். என்ன தேடினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 3

வைத்திலிங்கம் அண்ணன் குட்டைக்கு மேலே காக்கைகள் சுற்றுகின்றன. எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரிகிறது.

அக்டோபர் 4

காலையில் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். இவரும் வந்தார். போகாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

வைத்திலிங்கம் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். ஏறி வந்து ஒரு இறாலை என் உள்ளங்கையில் வைத்தார். உடம்பு சிவந்திருந்தது. ஓட்டை உரித்துப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"வெள்ளைப்புள்ளிதானே?" என்றார்.

"ஆமாண்ணே."

கரையில் அபிராமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். "பொடி குடுத்தியா இல்லியா? நெசத்தச் சொல்லு."

"குடுத்தேன் மாமா. பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்ல, அன்னிக்கு மட்டும் ரெண்டு வேளை விட்டுப்போச்சி. வெறும் தீவனம் போடச் சொல்லிட்டுப் போனேன்."

குட்டையைச் சுற்றி நாலைந்து பண்ணைக்காரர்கள் வந்து நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர், "அதான். சரியாக் கலந்து குடுக்கணும்னு அன்னிக்கே சொன்னாங்கல்ல" என்றார்.

வைத்திலிங்கம் அண்ணன் ஈரக் கையோடு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அறுபது வயதுக்கு மேல் ஆனவர். "மன்னிச்சிக்கம்மா. நீ மேடை ஏறிச் சொல்லிக் குடுத்த. நாங்கதான் ஒழுங்காச் செய்யல. ஒன் பொடிக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டோம்."

என் வாயில் வந்தது இதுதான்: "மதகைத் திறந்துறாதீங்கண்ணே. பிளீச்சிங் போட்டு ஒரு வாரம் வையிங்க."

"அது தெரியாதா எனக்கு? நம்ம தண்ணியால இன்னொருத்தன் குடி கெடக் கூடாதுல்ல. பவுடருக்குத்தான் டவுனுக்கு ஆள் அனுப்பணும்."

"எங்க கொட்டாயிலயே இருக்கு" என்றார் இவர். "அஞ்சு மூட்டை. பிரிக்காமலே கெடக்கு."

வீட்டுக்கு வந்து மூட்டைகளை டெம்போவில் ஏற்றினார். ஒத்தாசைக்குப் போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இருட்டும்வரை அங்கேயே இருந்து, அவர்களோடு சேர்ந்து செத்த இறாலை அள்ளிப் புதைத்துவிட்டு வந்தார்.

அக்டோபர் 6

பொடி கேட்டு ஓயாமல் போன் வருகிறது. முன்பின் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் கூப்பிடுகிறார்கள். "ரெண்டே வேளை விட்டதுக்கு மொத்தக் குட்டையும் போச்சாமே?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. முகவரி மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

இருந்த பூண்டெல்லாம் தீர்ந்தது.

அக்டோபர் 8

அபிராமி வந்தாள். குழந்தை தூங்கிவிட்டதாம், அந்த நேரத்தில் ஓடி வந்திருக்கிறாள். அடுப்படியில் என் எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள். காப்பி கொடுத்தேன். கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், குடிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். ரெண்டு வேளை பொடி இல்லாட்டி இப்படி ஆயிருமா? மாசக்கணக்காக் குடுத்துக்கிட்டு வந்த சத்து அதுக்குள்ள போயிருமா?"

போகாது. ஒரு நாளில் எதுவும் போய்விடாது. பொடி ஒரு வேளைகூட விடாமல் கொடுத்த என் குட்டையில் அதற்கு முன்பே வந்துவிட்டது.

"எனக்கு மனசு ஆறலக்கா" என்றாள். "மாமா திட்டல. திட்டுனாக்கூடப் பரவால்ல. சோறு போட்டா, தட்டைப் பாத்துக்கிட்டே எந்திரிச்சிப் போயிடுறாங்க. குவைத்துல இருக்குற அவங்களும் போன் எடுக்கவே மாட்டேங்குறாங்க. அங்கேருந்து அனுப்புனதெல்லாம் போட்டு எடுத்த குட்டை. நான்தான் அழிச்சிட்டேன்னு நெனக்கிறாங்க. நெசமாவே என்னாலதானாக்கா? நீங்க படிச்சவங்க. ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்க. தாங்கிக்கிறேன்."

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாது அபிராமி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு காப்பியை ஒரே மூச்சில் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 9

எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 11

அபிராமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருக்கடையூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகச் சொன்னார்களா, அவளாகப் போனாளா தெரியவில்லை. பால்காரர் சொன்னார். "புள்ளைய வச்சிக்கிட்டு பஸ் ஸ்டாப்புல ஒத்தையா நின்னுச்சிங்க" என்றார்.

முதலாம் குட்டையில் தட்டு சுத்தமாக இருக்கிறது. இரண்டாவதிலும். இறால் நல்ல வளர்ச்சி.

அக்டோபர் 13

வைத்திலிங்கம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். எப்படியாவது அபிராமி பேரில் இருக்கும் பழியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதை மட்டும் எடுத்தால் போதும், மற்றது தேவையில்லை என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

அவர் வாசலில் வலையைப் பிரித்துப் போட்டு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலியை எடுத்துப் போட்டார்.

"அண்ணே, ரெண்டு வேளை பொடி விட்டதுக்கெல்லாம் வெள்ளைப்புள்ளி வராது. அபிராமி மேல தப்பே இல்ல."

"அப்பறம் எப்படி வந்துச்சி?"

"தண்ணியில வரும். நண்டு ஏறிக் கரை தாண்டி வரும். காக்கா கொத்திக்கிட்டு வந்து போட்டாலும் வரும். கிருமி உள்ள வந்துட்டா எந்தப் பொடியாலயும் நிறுத்த முடியாது. நான் அன்னிக்கு மேடையில கொஞ்சம் கூடுதலாச் சொல்லிட்டேன்."

அவர் வலையைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எம்புட்டுப் பெரிய மனசும்மா ஒனக்கு" என்றார். "ஊரே ஒன் பொடிதான் மருந்துன்னு பேசிக்கிட்டிருக்கு. அந்தப் புள்ள பேரு கெடக் கூடாதுன்னு ஒன் பொடியையே நீ கொறச்சிச் சொல்ற. யாரு செய்வா இதெல்லாம்? அதுக்கு இது தெரியணும். செஞ்ச தப்ப ஒணராம அம்மா வீட்டுல போயி ஒக்காந்துருக்கு."

"இல்லண்ணே, நான் நெசமாத்தான்..."

"வேணாம்மா. எனக்குத் தெரியும். நீ நல்லவ."

திரும்பும்போது ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். அடுப்படியில் கிடக்கிறது. தொடக்கூட முடியவில்லை.

அக்டோபர் 14

சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது இவரிடம் சொன்னேன். "மூணாவது குட்டையில வெள்ளைப்புள்ளி வந்துதான் புடிச்சேன்."

"தெரியும்" என்றார். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எப்ப தெரியும்?"

"பண்ருட்டியிலேருந்து வந்த அன்னிக்கே. நல்லா இருக்குற குட்டைய எவனாவது அரைகுறையாப் புடிப்பானா? அப்பவும், பவுடர் போட்டுருப்பன்னு நெனச்சிக் கொட்டாயில போயிப் பாத்தேன். அஞ்சும் அப்படியே இருந்துச்சி."

"ஏங்க கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிருவ. சொன்னா நான் அண்ணன்கிட்டப் போயிச் சொல்லணும். நீயாச் சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்படியே இருந்துட்டேன். மூட்டைய நானே தூக்கிக்கிட்டுப் போயிக் குடுத்து, நல்ல பேரு வேற வாங்கிக்கிட்டு வந்தேன்." கையைக் கழுவிக்கொண்டார். "நாளைக்குப் போவோம். ரெண்டு பேருமாப் போவோம்."

"நான் மட்டும் போறேன்."

"ஏன்?"

அவருக்குத் தெரியாதது ஒன்று பாக்கி இருக்கிறது. செப்டம்பர் இருபத்தேழாம் தேதியை இங்கே நான் சரியாக எழுதவில்லை. அன்று காலை வைத்திலிங்கம் அண்ணன் போனில் கேட்டது இது: "அரசிம்மா, கடல் ஏத்தம் வந்துருக்கு. வாய்க்கால் தண்ணி நல்லாருக்கா? ஏத்திக்கவா?" வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். நான் சொன்னது: "நல்லாருக்கு. ஏத்திக்குங்கண்ணே."

இதை இவரிடமும் சொல்லிவிட்டேன். இவர் திண்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அக்டோபர் 15

சொல்லிவிட்டேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். அவர் காலியான குட்டையின் கரையில் நின்று, தண்ணீர் வடிந்து தரை காயத் தொடங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். என் குட்டையில் வந்ததை, பிடித்ததை, மருந்து போடாமல் தண்ணீரை விட்டதை. முருங்கைக்காய்ப் பையைத் திருப்பிக் கொண்டுபோயிருந்தேன். அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அங்கே போன பிறகுதான் உறைத்தது.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் போன் பண்ணப்ப ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் ஏத்திக்கன்னு சொன்னியா?"

"ஆமாண்ணே."

அடிப்பார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைமேலேயே நடக்கத் தொடங்கினார். குட்டையை ஒரு சுற்றுச் சுற்றி நான் நின்ற இடத்துக்கே வந்தார். என்னைத் தாண்டிப் போனார். மறுபடி சுற்றி வந்தார். அப்போது நின்று, "அந்தப் புள்ளைய நான் ஒரு வாய் சோறு திங்க விடலம்மா" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு திருக்கடையூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 18

சங்கக் கூட்டத்தை நான்தான் கூட்டச் சொன்னேன். இந்த முறை மேடையில் ஏறவில்லை, கீழே நின்று பேசினேன். பொடி என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொன்னேன். குடலுக்கு நல்லது, வளர்ச்சிக்கு நல்லது, சின்னச் சின்ன நோய்களைத் தாங்கிக்கொள்ளும் பலம் தரும். வெள்ளைப்புள்ளிக் கிருமி நுழைந்த குட்டையை அது காப்பாற்றாது. என் குட்டையையே காப்பாற்றவில்லை. அதை மறைக்கத்தான் தண்ணீரை விட்டேன் என்றேன்.

சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "இது தெரியாம அந்தப் பொண்ண என்னென்னமோ பேசிட்டமேய்யா" என்றார் ஒருவர். "அவ்வளவு பொடி வாங்கி வச்சிருக்கேனே, அதை என்னா பண்றது?" என்றார் இன்னொருவர். என்னைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்றார்கள். நீக்கினார்கள். வைத்திலிங்கம் அண்ணனுக்கு ஆன நஷ்டத்தை நாங்கள் ஈடு செய்ய வேண்டும் என்றார்கள். எங்கள் இரண்டு குட்டைகளையும் பிடித்ததும் கொடுத்துவிடுகிறோம் என்று இவர் எழுந்து சொன்னார்.

வைத்திலிங்கம் அண்ணனிடம், நீங்கள் ஏதாவது சொல்கிறீர்களா என்று தலைவர் கேட்டார். அவர் உட்கார்ந்தபடியே, "தண்ணி ஏத்தலாமான்னு இனிமே யாரைக் கேக்குறதுன்னு தெரியல. அவ்வளவுதான்" என்றார்.

அக்டோபர் 20

பொடி வாங்கியவர்களில் சிலர் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சிலர் எதுவும் சொல்லவில்லை. எங்கள் குட்டைகளுக்கு வழக்கம்போல் கலந்து போட்டேன். இறாலுக்கு எந்த வித்தியாசமும் இல்லை, தின்கிறது.

அக்டோபர் 23

மத்தியானம் அபிராமி வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இளைத்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"மாமா வந்து கூப்புட்டாங்க. அழுதாங்க. அப்பவும் வரல. நேத்துதான் வந்தேன்" என்றாள். "அவங்ககிட்ட மாமா சொல்லிட்டாங்களாம். ஆனா நீங்க சொல்லிக் கேக்கணும்னு எனக்கு இருக்கு."

போனில் இளமாறனைக் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, என் பக்கம் நீட்டினாள். அந்தப் பக்கம் லாரி ஓடும் சத்தமும் யாரோ அரபியில் கூப்பிடுவதும் கேட்டது.

நான்காவது முறையாகச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எளிதாகும் என்று நினைத்திருந்தேன். இவளைப் பார்த்துக்கொண்டே சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அப்ப அபி மேல ஒண்ணும் இல்லியாக்கா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி. துளிகூட இல்ல."

"அபி" என்று கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது. "அபி, இருக்கியா?"

அவள் போனைத் தன் பக்கம் திருப்பி, "கேட்டாச்சில்ல?" என்று சொல்லிவிட்டுத் துண்டித்தாள். உடனே திரும்ப அடித்தது. அவள் அதைப் பைக்குள் போட்டாள்.

"பேசும்மா. பாவம்" என்றேன்.

"அடிக்கட்டும்க்கா. நானும் இப்படித்தான் அடிச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

குழந்தையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். போகப்போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"தண்ணிய விட்டது பயத்துல செஞ்சிட்டீங்க. மாமாகிட்ட பொய் சொன்னதும் பயத்துலதான். அதெல்லாம் நான் யோசிச்சிப் பாத்துட்டேன். எனக்கும் பயம் வந்தா என்னா செய்வேனோ தெரியல" என்றாள். "ஆனா நான் இங்க வந்து ஒக்காந்து கேட்டேன்ல. என்னாலதானாக்கான்னு கேட்டேன். ஒங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டேன். காப்பி போட்டுக் குடுத்துட்டு, சொல்ல முடியாதுன்னீங்க. அத என்னா பண்றதுன்னுதான் எனக்குத் தெரியலக்கா."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் தலையை அசைத்தாள், வேண்டாம் என்பதுபோல.

குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினாள். வாய்க்கால் பாலம்வரை அவள் பையில் போன் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவள் எடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.